பனிக்கூரை வேண்டாம், மல்லூர் ஸ்டேஷன் போதும்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாமா லீவுக்கு ராசிபுரம் வருகிறார். அக்கா பையனுக்கு ஒரு ரயில் செட் வாங்கி வருகிறார். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் இல்லை இது. கரண்டில் ஓடுவது, நிஜ எஞ்சினை அப்படியே சுருக்கி வைத்தது போல இருப்பது. கூடவே ஒரு பிளாஸ்டிக் வீடும் உண்டு. சாப்பாட்டு மேசையில் தண்டவாளத்தை வட்டமாக மாட்டி, ரயிலை ஓடவிட்டு, பக்கத்தில் அந்த வீட்டையும் வைத்தாயிற்று. வீட்டின் கூரை செங்குத்தாகச் சரிந்து நிற்கிறது. எதற்கு? பனி தங்காமல் வழுக்கி விழ! வெளியே சித்திரை வெயிலில் தார் ரோடு உருகிக்கொண்டிருக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மாதிரி ரயில் பைத்தியம் பிடித்தவர்களின் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. ரயில் ஓடும், சிக்னல் எரியும், சுற்றிலும் இருக்கும் ஊர் மட்டும் ஜெர்மனியாக இருக்கும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். மாதிரி ரயில் பாதைக்கு வேண்டிய கட்டிடத்தைக் கடையில் தேட வேண்டாம், அட்டையில் கட்டலாம். கட்டுவதும் எங்கோ இருக்கும் ஊரை அல்ல, பக்கத்து ஸ்டேஷனை. இதனால் காசு மிச்சம் என்பது சின்னக் காரணம். அந்த ஸ்டேஷன் இன்னும் எத்தனை நாள் இப்படியே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் பெரிய காரணம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மாதிரி ரயிலில் உலகம் முழுக்கப் பரவலாக இருக்கும் அளவு 'எச்.ஓ.' எனப்படுவது. நிஜத்தில் 87 அடி இருப்பது இதில் 1 அடி. இன்னும் சின்னது 'என்' அளவு, அது 160-க்கு 1. எச்.ஓ. அளவை நம் ஊர்க் கொத்தனார் கணக்கில் சொன்னால் இன்னும் சுலபம்: ஒரு அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். ஏழடி உயரக் கதவு 24.5 மில்லிமீட்டர். பத்துக்குப் பத்து அறை என்றால் நாலு பக்கமும் 35 மில்லிமீட்டர். ஆறடி ஆள் ஒருவர் 21 மில்லிமீட்டர் உயரத்தில் பிளாட்பாரத்தில் நிற்பார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் கனம் 2.6 மில்லிமீட்டர். இந்தக் கடைசி எண்ணை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பொழுதுபோக்கில் எஞ்சினை வீட்டில் செய்ய எல்லோராலும் முடியாது. மோட்டார், பல்சக்கரம், சக்கரம் எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டும். தண்டவாளமும் அப்படித்தான். ஆனால் கட்டிடம்? அது ஓட வேண்டியதில்லை, ஒரு இடத்தில் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். கையால் செய்யக்கூடிய ஒரே பெரிய சமாச்சாரம் அதுதான். அதையும் பெட்டியில் வாங்கி வைத்தால், வாங்கியவருக்குச் செய்ய என்ன மிச்சம்?

அட்டை என்றால் மட்டமா?

"அட்டையிலா? ஸ்கூல் புராஜக்ட் மாதிரி இருக்குமே!" என்பார்கள். இந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. இந்தக் கலை வளர்ந்த இங்கிலாந்தில் அட்டைக்குத் தனி மரியாதையே உண்டு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே உலோகத்துக்குத் தட்டுப்பாடு. அப்போது 'மைக்ரோமாடல்ஸ்' என்ற பெயரில் தபால் கார்டு அளவு அட்டையில் அச்சிட்டு, வெட்டி ஒட்டச் சொல்லி விற்றார்கள். பிறகு 'சூப்பர்குவிக்', 'மெட்கால்ஃப்' என்று ரயில் பாதைக்கான அட்டைக் கட்டிடங்களை விற்கும் நிறுவனங்கள் வந்தன. ஜான் ஆஹெர்ன் என்பவர் 'மேடர் வேலி' என்று ஒரு கற்பனை ஊரையே தன் வீட்டில் கட்டினார். சின்னக் கட்டிடங்களை எப்படிச் செய்வது என்று 1950-இல் ஒரு புத்தகமும் எழுதினார். அவர் காலமாகிப் பல்லாண்டுகள் ஆகியும் அவர் கட்டிய ஊர், பெண்டன் என்ற அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அந்தப் பெண்டனின் கதைதான் இங்கே முக்கியம். ராய் இங்கிலாந்து என்று ஒருவர். (பெயரே அப்படித்தான். ஆனால் ஆள் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தவர்!) 1925-இல் இங்கிலாந்துக்கு வந்தார். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும் பகுதியின் கிராம வீடுகள் அவருக்குப் பிடித்துப்போயின. ஆனால் அவர் கண் முன்னாலேயே அந்த வீடுகள் மாறத் தொடங்கின. வைக்கோல் கூரை போய் வேறு கூரை வந்தது, பழைய சுவர் இடிந்து புதுச் சுவர் எழுந்தது. ஊர்க்காரர்களைத் தடுக்க அவருக்கு உரிமை இல்லை. மழை ஒழுகும் வீட்டில் இருப்பவனிடம் போய் "அழகாக இருக்கிறது, மாற்றாதே" என்று யார் சொல்ல முடியும்? அதனால் அவர் வேறு வேலை செய்தார். வீடு வீடாகப் போய் அளந்தார், படம் பிடித்தார், குறித்துக்கொண்டார். பிறகு 76-க்கு 1 என்ற அளவில் அட்டையில் கட்டத் தொடங்கினார். ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் வெட்டி ஒட்டும் அளவுக்குப் பொறுமை. 1954-இல் பெண்டன் அருங்காட்சியகம் உருவானது. 1930-களின் கிராமப்புற இங்கிலாந்து எப்படி இருந்தது என்று பார்க்க இன்றும் மக்கள் அங்கே போகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அவருடைய கைத்திறனை அல்ல. அவர் எதைக் கட்டினார் என்பதை. அரண்மனையை அவர் கட்டவில்லை. பக்கத்தில் இருந்ததை, யாரும் பாதுகாக்க நினைக்காததைக் கட்டினார்.

இங்கே என்ன போயிற்று?

சரி, சேலம் நாமக்கல் பக்கம் வருவோம்.

மொரப்பூரில் இருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை ஒரு குட்டி ரயில் ஓடியது என்று இன்றைய மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டரை அடி அகலத் தண்டவாளம். 1906-இல் தர்மபுரி வரையும் 1913-இல் ஓசூர் வரையும் வந்தது. திருப்பத்தூரில் இருந்து கிருஷ்ணகிரிக்கும் இதே போல ஒன்று இருந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு போக வேண்டும் என்று போடப்பட்ட பாதைகள் இவை. அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் மாவட்டம்தான், 1965-இல்தான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. இரண்டாம் உலகப் போர் வந்தது, 1941-இல் இரண்டு பாதைகளையும் மூடிவிட்டார்கள். அந்த ஸ்டேஷன்களில் டிக்கெட் வாங்கி ஏறியவர்களில் இன்று எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள்? டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் எவ்வளவு உயரத்தில் இருந்தது, திண்ணை எந்தப் பக்கம் இருந்தது என்று யாரைக் கேட்பது?

இதில் ஒரு வேடிக்கை. இரண்டரை அடி என்பது 762 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 8.76 வருகிறது. 'என்' அளவு ரயிலின் தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். அதாவது அந்த ஓசூர் ரயிலை எச்.ஓ. அளவில் செய்ய நினைப்பவருக்குத் தண்டவாளம் ஏற்கெனவே கடையில் தயாராக இருக்கிறது. அகலப் பாதைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. நிஜத்தில் 1676 மில்லிமீட்டர், எச்.ஓ.வில் 19-க்கு மேல் வர வேண்டும். ஆனால் கடையில் கிடைப்பது ஐரோப்பிய அகலத்துக்கான 16.5 மில்லிமீட்டர்தான். தண்டவாளம் கிடைக்கும் பாதைக்குக் கட்டிடத்தின் அளவு கிடைக்காது. கட்டிடம் நிற்கும் பாதைக்குத் தண்டவாளம் பொருந்தாது!

அடுத்தது மீட்டர் கேஜ். சேலத்தில் இருந்து ஆத்தூர் வழியாக விருத்தாசலம் போகும் பாதை 2007-இல் அகலப் பாதையாக மாறியது. மாறியதில் ஊருக்கு நல்லதுதான். ஆனால் மீட்டர் கேஜ் காலத்துச் சின்ன ஸ்டேஷன்களின் தோற்றம்? இப்போது முப்பது வயதைத் தாண்டியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

இப்போது நடப்பது அம்ரித் பாரத் நிலையத் திட்டம். 2023 ஆகஸ்ட் 6-இல் நாடு முழுவதும் 508 நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதில் சேலம் ஜங்ஷனும் உண்டு, கரூரும் உண்டு. 2025 மே 22-இல் வேலை முடிந்த 103 நிலையங்களைத் திறந்தார்கள். சாமல்பட்டியும் விருத்தாசலமும் அந்தப் பட்டியலில் இருந்தன. முகப்பு மாறுகிறது, கூரை மாறுகிறது, நுழைவு வளைவு வருகிறது. இதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மூட்டை தூக்கிக்கொண்டு படியேற முடியாத பாட்டிக்கு லிஃப்ட் வேண்டும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். பழைய ஓட்டுக் கூரையைக் காப்பாற்ற அவர்கள் கஷ்டப்பட வேண்டும் என்று சொல்வது நியாயம் இல்லை. ஆனால் இடிப்பதற்கு முன்னால் அளந்து வைப்பதற்கு யார் தடை?

1941-இல் அளக்க ஆள் இல்லை, கையில் கேமராவும் இல்லை. இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. எனவே சாக்கு சொல்ல வழி இல்லை.

காகிதத்தின் ஊர்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்டையில் கட்டுவதற்கு இந்தச் சமவெளியை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

பள்ளிப்பாளையத்தில் 1960-களில் இருந்து சேஷசாயி காகித ஆலை ஓடுகிறது. பக்கத்திலேயே 'காவிரி' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம். காவிரியைத் தாண்டிப் புகளூர்ப் பக்கம் போனால் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை. அங்கே கரும்புச் சக்கையில் இருந்து காகிதம் வருகிறது, அந்த இடத்தின் பெயரே காகிதபுரம்! ஒட்டுவதற்குப் பசை? சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் எங்கே பார்த்தாலும் ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக் கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் அருமையான பசை. நாமக்கல் முட்டை வரும் அட்டைத் தட்டு இருக்கிறதே, காகிதக் கூழில் செய்தது, அதைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து ஒட்டினால் கருங்கல் சுவர் வந்துவிடும். அந்தச் சொரசொரப்பு எந்தக் கடையிலும் காசுக்குக் கிடைக்காது.

அப்புறம் வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தால் ஒரு வீட்டுக்கு எத்தனை சேரும்! கெட்டியான, வழுவழுப்பான நல்ல அட்டை. புதுச் சட்டைக்குள் வரும் அட்டை, சேலைப் பெட்டி, ஸ்வீட் பெட்டி, நோட்டுப் புத்தக மேலட்டை.. ஒரு ஸ்டேஷன் கட்ட வேண்டிய செங்கல் எல்லாம் பரணிலேயே இருக்கிறது. வாங்க வேண்டியது ஒரு பேப்பர் கட்டர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு டப்பா ஃபெவிகால், நாலு போஸ்டர் கலர். அவ்வளவுதான்.

எதைக் கட்டலாம், எப்படிக் கட்டலாம்?

முதல் கட்டிடமாகச் சேலம் ஜங்ஷனை எடுக்கக் கூடாது. ஆசை பெரிதாக இருக்கும், பாதியில் நின்றுவிடும். லெவல் கிராசிங்கில் இருக்கும் கேட் கீப்பர் அறையில் தொடங்கலாம். ஒரு கதவு, இரண்டு ஜன்னல், ஒரு கூரை. ரோட்டில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சேலம் – நாமக்கல் – கரூர் பாதையில் ஒரு ஸ்டேஷன். 2013-இல் திறந்த பாதை இது. மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, நாமக்கல், மோகனூர் என்று ஊர்கள் வரும். புதுக் காலத்துக் கட்டிடங்கள் என்பதால் பெரும்பாலும் பெட்டி பெட்டியாகத்தான் இருக்கும். "இதில் என்ன அழகு?" என்று கேட்கலாம். ஐம்பது வருடம் கழித்து அதுவும் பழைய ஸ்டேஷன்தான். அதோடு, தட்டைக் கூரையை அட்டையில் செய்வது புதிதாகக் கற்பவருக்குச் சுலபம். ஓட்டுக் கூரையை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டேஷனோடு நிறுத்தவும் வேண்டாம். வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காயும் சிமெண்டுக் களம், பக்கவாட்டில் கம்பி வலை அடித்த நீளமான கோழிப் பண்ணை, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, டீக்கடை. பின்னால் சங்ககிரி மலையோ நாமக்கல் பாறையோ வரைந்த ஒரு திரை. மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு கனிமத்தின் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கும் ஊர் சேலம், அதன் பின்னால் வெள்ளைக் கல் மேட்டைக் காட்டலாம். இதை எல்லாம் எந்த நாட்டுக் கம்பெனி பெட்டியில் போட்டு விற்கப் போகிறது?

அளப்பது எப்படி? தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. ரயில்வே சட்டப்படி அத்துமீறி நுழைவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்பது நல்லது. டேப் பிடிக்க முடியாத இடத்தில் எண்ணினால் போதும். ஒரு செங்கல் வரியின் உயரம் தெரிந்தால் சுவரின் உயரம் தெரியும். கதவுக்குப் பக்கத்தில் நண்பனை நிற்க வைத்துப் படம் எடுத்தால் அவனே அளவுகோல். கட்டிடத்தின் நீளத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் கூரையை வைத்து அளந்துவிடலாம். நூறு அடிக் கட்டிடம் எச்.ஓ.வில் 35 சென்டிமீட்டர். மேசை சின்னது என்றால் ஜன்னல் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் கதவு, ஜன்னலின் அளவைக் குறைக்கக் கூடாது. அளவு கெட்டால் கட்டிடம் பொம்மையாகிவிடும்.

இப்போது அந்த 2.6 மில்லிமீட்டருக்கு வருவோம். சேலைப் பெட்டி அட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஒன்பது அங்குலச் சுவர் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அட்டைக் கட்டிடங்கள் பொய்யாகத் தெரிவதற்கு முதல் காரணமே சுவர் காகிதக் கனத்தில் இருப்பதுதான். நிஜ ஜன்னல் சுவருக்குள் உள்வாங்கி இருக்கும், அங்கே நிழல் விழும். மூன்று அடுக்கில் வெளி அடுக்கில் ஜன்னல் அளவுக்குத் துளை, நடு அடுக்கில் கொஞ்சம் சின்னத் துளை (அதுதான் சட்டம்), அதன் பின்னால் பழைய ஓ.எச்.பி. ஷீட் துண்டு (அதுதான் கண்ணாடி). நிழல் தானாக வரும்.

அட்டை வளைந்துபோவது அடுத்த தொல்லை. காகிதத்துக்கு ஒரு நார் ஓட்டம் உண்டு. ஒரு பக்கம் மடித்தால் சுலபமாக மடியும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். ஒட்டும்போது எல்லா அடுக்கின் ஓட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். பசையில் தண்ணீர் அதிகம் சேர்க்க வேண்டாம், மெல்லியதாகப் பூசினால் போதும். காயும் வரை மேலே பாரம் வைக்க வேண்டும். கோனார் நோட்ஸ் நாலைந்து அடுக்கினால் கச்சிதமான பாரம். பரீட்சை முடிந்த பிறகும் அவற்றுக்கு ஒரு பயன் :-)

மடிக்கும் இடத்தில் மொட்டைக் கத்தியால் ஒரு கோடு இழுத்துவிட்டு மடித்தால் மூலை கூர்மையாக வரும். வெட்டிய விளிம்பில் அட்டையின் உள் நிறம் தெரியும். அதைச் சுவரின் நிறத்திலேயே தீட்டிவிட வேண்டும். பலரும் விடும் தவறு இது ஒன்றுதான், பார்த்தவுடன் காட்டிக்கொடுப்பதும் இதுதான்.

மங்களூர் ஓட்டுக் கூரைக்குக் காக்கி நிறத் தாளை 4 மில்லிமீட்டர் அகல நாடாக்களாக வெட்டி, 2.6 மில்லிமீட்டருக்கு ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, கீழ் வரிசையில் தொடங்கி மேல் வரிசை கொஞ்சம் ஏறி இருக்கும்படி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே செய்யலாம். கடைசியாக, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் மூன்று மொழியில் ஊர்ப் பெயர். அதன் கீழே கடல் மட்டத்தில் இருந்து எவ்வளவு உயரம் என்று பல பழைய பலகைகளில் எழுதியிருக்கும், அதையும் விட வேண்டாம். ஊரின் செம்மண்ணைப் பொடித்துச் சல்லடையில் சலித்துச் சுவரின் அடியில் லேசாகத் தேய்த்துவிட்டால், அது அந்த ஊர்க் கட்டிடமாகவே ஆகிவிடும்.

"ஆனால்.." என்பவர்களுக்கு

படம் எடுத்தால் போதாதா? போதாது. படத்தில் முன்பக்கம் தெரியும், பின்பக்கம் தெரியாது. கட்ட உட்கார்ந்தால்தான் "பின்னால் கதவு எத்தனை? தண்ணீர்த் தொட்டி எந்த மூலையில்? கூரையின் மழைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது?" என்ற கேள்விகள் வரும். கேள்வி வந்தால் திரும்பப் போய்ப் பார்க்கத் தோன்றும். தினமும் ரயில் ஏறும் ஸ்டேஷனைக் கூட முதல் தடவையாகப் பார்ப்பது அப்போதுதான்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே? வரட்டும், நல்லது. ஆனால் அதற்கும் அளவு வேண்டும். அளக்காத கட்டிடத்தை எந்த இயந்திரமும் அச்சடிக்காது.

கரையான், ராமபாணப் பூச்சி? உண்மையான பயம்தான். மாவுப் பசை என்றால் பூச்சிக்குக் கொண்டாட்டம். பழைய பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள். (அது விஷம், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.) பயமாக இருந்தால் ஃபெவிகாலோடு நிறுத்திக்கொள்ளலாம். கடற்கரை ஊர்களைப் போல இங்கே காற்றில் ஈரம் அவ்வளவு கிடையாது, அது ஒரு வசதி. மழையும் குளிருமாக இருக்கும் இங்கிலாந்திலேயே அட்டை வீடுகள் பல பத்தாண்டுகளாக நிற்கின்றன.

ரயில் வாங்கவே காசு இல்லையே? இதுதான் எல்லாவற்றிலும் நியாயமான கேள்வி. இறக்குமதி எஞ்சின் ஒன்றின் விலை பல வீடுகளில் ஒரு மாதச் செலவு. ஆனால் ஸ்டேஷன் கட்ட ரயில் எதற்கு? நிஜத்திலும் நாளில் பெரும்பாலான நேரம் சின்ன ஸ்டேஷன்களில் ரயில் இருப்பதில்லை. வேப்ப மரமும், சிமெண்ட் பெஞ்சும், தூங்கும் நாயும்தான் இருக்கும். அதைக் கட்டலாம். ரயில் வரும்போது வரட்டும்.

"இது சின்னப்பிள்ளை விளையாட்டு" என்பது கடைசி ஆயுதம். சின்னதாகச் செய்து பார்ப்பது தமிழர்களுக்குப் புதிதா என்ன? பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுதேர் என்று பருவமே வைத்திருக்கிறார்கள். நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் 'பார்க்' கட்டுவது யார்? மண்ணைக் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு அதைப் புல்லாக்கி, கண்ணாடியைக் குளமாக்கி, தீப்பெட்டியில் வீடு கட்டி, நடுவில் ஒரு பொம்மை ரயிலையும் விடுவார்கள். அதைப் பெரியவர்கள்தான் உட்கார்ந்து ரசிக்கிறார்கள். புனேயில் ஜோஷி என்பவர் இந்தச் சின்ன ரயில் ஆசையையே 1998-இல் ஒரு அருங்காட்சியகமாக்கினார். அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் குழந்தைகளா?

கடையில் வாங்கும் 'புராஜக்ட்'

நாமக்கல் என்றால் முட்டை, லாரி, அப்புறம் பள்ளிக்கூடம். மார்க் வாங்க வைப்பதில் இந்த ஊருக்குப் பெயர் உண்டு. ஆனால் கண்காட்சி வந்தால் என்ன நடக்கிறது? தெர்மாகோல் வீடு, தெர்மாகோல் அணைக்கட்டு. பாதிப் பேருக்கு அப்பா செய்து தருகிறார், மீதிப் பேர் கடையில் வாங்கி வருகிறார்கள். பெயர்ச் சீட்டை ஒட்டி மேசையில் வைத்தால் வேலை முடிந்தது. அந்த அணையின் உயரம் என்ன, எந்த அளவில் சுருக்கியது என்று கேட்டால் பதில் வராது. அளவு என்ற ஒன்றே அதில் இல்லையே!

அதற்குப் பதிலாக ஒரு வகுப்பில் நாலைந்து பேராகப் பிரிந்து, ஆளுக்கு ஒரு கேட் அறை, ஒரு ஸ்டேஷன், ஒரு ஜவ்வரிசி ஆலை என்று எடுத்துக்கொண்டால்? விகிதம், பரப்பளவு, கோணம் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருந்து இறங்கி வந்துவிடும். ஸ்டேஷனில் முப்பது வருடம் வேலை பார்த்தவரிடம் போய்ப் பேச வேண்டி வரும், ஊர்க் கதை கிடைக்கும். கூடவே அளவு குறித்த நோட்டு ஒன்று மிஞ்சும். அட்டையைக் கரையான் தின்றாலும் அந்த நோட்டை ஸ்கேன் செய்து வைத்தால், இன்னொருவர் இன்னொரு நாள் அதே ஸ்டேஷனைத் திரும்பக் கட்டலாம். உண்மையில் பெரிய சொத்து அந்த நோட்டுதான்.

மொரப்பூர் – ஓசூர் பாதைக்கு அப்படி ஒரு நோட்டை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் 1940-இல் எழுதி வைத்திருந்தால், இன்று அதை எவ்வளவு ஆசையாகப் புரட்டிப் பார்ப்போம்!

அடுத்த முறை மல்லூரிலோ ராசிபுரத்திலோ ரயிலுக்குக் காத்திருக்கும்போது, வண்டி வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்றால், போனை ஐந்து நிமிடம் பையில் போட்டுவிட்டு எதிரே இருக்கும் ஜன்னலை எண்ணிப் பாருங்கள். கதவு எத்தனை? தூண் எத்தனை? டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும். வீட்டில் கல்யாணப் பத்திரிகை காத்துக்கொண்டிருக்கிறது.